பட்டறைத் தெருவும் பட்டமேற்படிப்பும்



இம்மாதம் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று நான்கு பக்கம் நீண்டிருந்தது. எழுதியவர் அம்பத்தூர்ச் சகோதரர் ஒருவர். தொழிற்பேட்டையில் சிறியதொரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு பேர் வேலை செய்கின்றனர். இரு சக்கர வாகன எஞ்சினுக்குரிய சில உருப்படிகளைக் கடைந்து கொடுப்பதே தொழில். மூத்த மகள் புவியியலில் பட்டம் பெற்றுவிட்டார். இப்போது பொருளாதாரப் புவியியலில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்கிறாராம். அதிலும், நாடுகளும் ஊர்களும் புகையும் நஞ்சும் குறைந்த தொழில்முறைகளுக்கு மாறிச் செல்வதை ஆராயும் பிரிவே வேண்டுமாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரையும் சொல்லியிருக்கிறார்.

தந்தை கேட்கிறார்: "பூகோளம் படித்துப் பட்டறைக்கு என்ன லாபம், குடும்பத்துக்கு என்ன லாபம்? பி.எட். முடித்தால் பள்ளிக்கூட வேலையாவது கிடைக்கும். வட்டிக்கு வாங்கிப் படிக்க வைக்க என் மனம் ஒப்பவில்லை. பட்டறையை விற்றால்தான் வெளிநாடு. பெண்பிள்ளையை எப்படித் தனியே அனுப்புவது என்று அவள் தாயாரும் கலங்குகிறாள். நீங்களே சொல்லுங்கள்."

இவற்றுள் முதற் கேள்விதான் வேர். மற்றவை அதன் கிளைகள். எனவே வேரிலிருந்தே தொடங்குகிறேன்.

சகோதரர் அவர்களே, உங்கள் பட்டறை ஏன் அம்பத்தூரில் இருக்கிறது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வாடகை குறைவு, வீடு பக்கம் என்பீர்கள். அது உங்கள் அளவில் சரியே. ஆனால் ஊரின் அளவில் விடை வேறு. சென்னையையும் அரக்கோணத்தையும் இணைக்கும் இருப்புப் பாதை அம்பத்தூர் வழியே செல்கிறது. தென்னாட்டின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இத்தடத்தில்தான். 1949இல் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் கால்கொண்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்மப் பாணிச் சமுதாயமே இலக்கு எனத் தீர்மானம் இயற்றியது. அதே ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் முதலான வாகன உதிரிப்பாக ஆலைகள் 1960களின் தொடக்கத்தில் வரிசையாக எழுந்தன. காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறையைக் கவனித்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன். 1958இல் கிண்டியிலும் 1964இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் அமைந்தமை அக்காலத்துக் கொள்கையின் பயனாகும். அம்பத்தூர்ப் பேட்டை ஏறத்தாழ 1,400 ஏக்கர் பரப்புடையது. சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய 1,800 தொழிற்கூடங்கள் அங்கே உண்டெனக் கணக்கிடப்படுகிறது.

பெரிய ஆலை வந்தது. அதற்குச் சிறு உருப்படி செய்து தர லேத் வந்தது. லேத்துக்குக் கருவி தீட்டித் தருபவர் வந்தார். ஹீட் டிரீட்மென்ட் செய்பவர், முலாம் பூசுபவர், டை செய்பவர், பழைய எந்திரம் விற்பவர், சிட்டா போட்டுச் சரக்கு ஏற்றும் டெம்போக்காரர் என ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு ஒரு தெரு உருவாயிற்று. இன்று உங்கள் எந்திரத்தில் ஒரு பேரிங் தேய்ந்தால் சைக்கிளில் போய் அரைமணி நேரத்தில் வாங்கி வருகிறீர்கள். இதே எந்திரத்தைத் தனியே ஒரு கிராமத்தில் வைத்திருந்தால் இரண்டு நாள் வேலை நின்றிருக்கும். அந்த அரைமணி நேரத்துக்கும் இரண்டு நாளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே உங்கள் முதல். அது உங்கள் பெட்டியில் இல்லை, தெருவில் இருக்கிறது.

ஆங்கிலப் பொருளியலறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஒரு தொழில் ஓரிடத்தில் திரண்டு நிலைத்துவிட்டால் அதன் நுட்பம் அவ்வூர்க் காற்றிலேயே கலந்துவிடுகிறது, சிறுவர்கள் தம்மை அறியாமலே கற்கின்றனர் என்பது அவர் கருத்து. அவருக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, 1377இல், தூனிஸில் பிறந்த நம் அறிஞர் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில், மக்கள் நெருக்கமும் தேவையும் மிக்க நகரங்களில்தான் கைத்தொழில்கள் முதிர்ச்சி பெறுகின்றன என்றும், நகரம் நலியும்போது தொழில்களும் ஒவ்வொன்றாய் மறைகின்றன என்றும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இத்துறையை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர் அந்நூலைப் புரட்டிப் பார்ப்பார்களாக.

மலை, ஆறு, தலைநகர் எனப் பள்ளியில் மனப்பாடம் செய்த பூகோளம் வேறு. இது வேறு. ஒரு தொழில் ஏன் இங்கே வந்தது, ஏன் அங்கே போகிறது, போனால் எஞ்சுவோர் கதி யாது, இவையே பொருளாதாரப் புவியியலின் வினாக்கள். உங்கள் மகளார் விரும்பும் பிரிவு இதனோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கிறது. ஒரு தொழில்நுட்பம் முழுவதுமே மாறும்போது யார் பிழைக்கிறார், யார் விலை கொடுக்கிறார் என்பதே அது.

இம்மாற்றவியலின் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றை டச்சு நாட்டு அறிஞர் ஃபிராங்க் கீல்ஸ் 2002இல் எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு யாது தெரியுமா? பாய்மரக் கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்த கதை! நீராவிக் கப்பல் ஒரே நாளில் வென்றுவிடவில்லை. முதலில் துறைமுகங்களில் பெரிய கப்பல்களை இழுக்கவும், அஞ்சல் சுமக்கவும் பயன்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின்பே அதன் கை ஓங்கியது. அதன் பிறகும் நெடுங்காலம் பாய்மரங்கள் சரக்கு ஏற்றின.

நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் காயலிலும் கீழக்கரையிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இக்கதையை ஐரோப்பியர் சொல்லித்தர வேண்டியதில்லை. பினாங்குக்கும் கெடாவுக்கும் இலங்கைக்கும் சொந்தக் கப்பல் விட்ட மரைக்காயர்கள், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் நீராவிக் கப்பற் கம்பெனிகள் கடலை வளைத்துக்கொண்டபோது கப்பல் முதலாளி என்னும் நிலையிலிருந்து பயணச்சீட்டு வாங்கும் நிலைக்கு இறங்கினர். அவர்கள் உழைப்பிலோ நேர்மையிலோ குறைந்தவர் அல்லர். துறைமுகம், கரி, அஞ்சல் ஒப்பந்தம், அரசின் ஆதரவு ஆகிய அனைத்தும் சேர்ந்து மாறின. பாய் மட்டும் மாறியதாக அவர்கள் எண்ணினார்கள். நம் வீட்டுக் கதையை நம்மவர் ஆராயாமல் விட்டோம். அதே வகைக் கதையைப் பிறர் ஆராய்ந்து ஒரு கலையாகவே ஆக்கிவிட்டனர்.

இது பழங்கதை என்பீராயின், நம் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் அம்பத்தூர் இருப்புப் பாதையிலேயே மேற்கே செல்லுங்கள். இராணிப்பேட்டையை ஒட்டிய வாலாஜா ரோடு வரும். மேலும் சென்றால் ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றங்கரையின் தோல் நகரங்கள் இவை. சென்னையில் பெரியமேட்டின் தோல்மண்டிகளுக்கு இத்தடத்தில்தான் சரக்கு வந்து சேர்ந்தது. இத்தொழிலில் ஈட்டிய பொருளே வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965), ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி (1969) போன்ற கல்விக்கூடங்களுக்கு உரமாயிற்று.

முற்காலத்தில் தோலை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். நாள் பல ஆகும், நாற்றம் உண்டு, ஆனால் நிலத்தடி நீரை நெடுங்காலம் கெடுக்கும் கன உலோகம் அதில் இல்லை. பின்னர் குரோமிய உப்பு வந்தது. வேலை விரைந்தது. 1970களில் மத்திய அரசு, பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்புக என்றது. அந்நியச் செலாவணி பெருகிற்று. குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் பெருகிற்று. கிணறுகள் கெட்டன, தென்னைகள் பட்டன, உழவர் கொதித்தனர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு உறுதிப்படும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிறுவிற்று. இன்றும் சட்டக் கல்லூரிகளில் அது பாடம். ஏறத்தாழ 900 தோல் பதனிடும் கூடங்கள் அவ்வழக்கின் பிடியில் இருந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டியதாயிற்று. பங்குத் தொகை கட்ட வல்லவர் நிலைத்தனர். கட்ட இயலாத சிறு முதலாளிகள் கூடத்தைப் பூட்டினர். கூலிக்குத் தோல் சுமந்தவர் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனார். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமிய இரசாயன ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு மட்டும் 2 இலட்சம் டன்னுக்கு மேல். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. 30 ஆண்டுகளாகியும் கணக்குத் தீரவில்லை.

இவ்வளவும் நடந்தபோது நம்மிடையே தேர்ந்த வணிகர் இருந்தனர்; ஆலிம்கள் இருந்தனர்; நல்ல வழக்கறிஞரை அமர்த்தப் பணமும் இருந்தது. ஆனால் எந்தக் கிணறு எந்தக் கூடத்தின் கழிவால் கெட்டது, சுத்திகரிப்பு நிலையத்தை எங்கே வைத்தால் சிறியவனுக்கும் எட்டும், பூட்டிய கூடத்தின் கூலியாள் எவ்வூருக்குப் போனான் என்று வரைபடம் விரித்துக் காட்ட நம்மவருள் படித்தவர் மிகச் சிலரே. பேச வேண்டிய இடத்தில் பேசத் தெரிந்தவர் இல்லாமையால், உழவரும் நாமும் ஒரே ஆற்றின் மக்கள் என்பதே மறந்து எதிரெதிர் அணிகளாய் நின்றோம். ஈட்டிய பொருளில் கல்லூரி கட்டிய சமுதாயம், ஈட்டித் தந்த தொழிலைப் பற்றி அக்கல்லூரிகளில் போதிய அளவு ஆராயவில்லை என்பது என் தாழ்மையான எண்ணம். மாறுபடுவோர் எழுதலாம்.

இனி உங்கள் பட்டறைக்கு வருவோம்.

பெட்ரோல் வண்டியில் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு, வால்வு உண்டு, கிராங்க் உண்டு, கார்புரேட்டர் இருந்த இடத்தில் இப்போது இன்ஜெக்டர் உண்டு, சைலன்சர் உண்டு. மின்வண்டியில் இவை ஒன்றும் இல்லை. பேட்டரி, மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, அவ்வளவே. பிரேக்கும் சக்கரமும் அச்சும் ஷாக் அப்சார்பரும் இரண்டுக்கும் பொது. ஆக, ஒரே தெருவில் அடுத்தடுத்துள்ள இரு பட்டறைகளுள் பிரேக் உருப்படி கடைபவருக்கு அச்சமில்லை. வால்வு உருப்படி கடைபவருக்கு உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தாங்கள் இரண்டாமவர்.

தமிழ்நாடு அரசு மின்வாகனக் கொள்கையை 2019இல் வெளியிட்டு 2023இல் திருத்தியது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் 2021இல் ஓலா ஆலை வந்தது. ஓசூரில் ஏத்தர் வந்தது. அதே 2021இல் இராணிப்பேட்டையில் ஆம்பியர் மின்ஸ்கூட்டர் ஆலை திறந்தது. ஆம், தோலுக்குப் பெயர்பெற்ற அதே இராணிப்பேட்டை! 2025 ஜனவரியில் ஹூண்டாய் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் செய்த மின்காரை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது. நான் பெயர் சொன்ன இவற்றுள் ஒன்றேனும் அம்பத்தூரில் இல்லை என்பதைக் கவனியுங்கள். புதிய தொழில் பழைய தெருவுக்கு வருவதில்லை. அகன்ற நிலமும் புதிய நெடுஞ்சாலையும் தேடிப் போகிறது. பழைய தெருவுக்கு அழைப்பு வருமா, வராதா என்பதுதான் கேள்வி.

அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் பல்லாண்டு தேவைப்படும், பாய்மரம் நீடித்ததைப் போல. மேலும் அம்பத்தூருக்கு ஒரு வலிமை உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர், அவருள் பெரும்பகுதி இளம்பெண்கள், வேலை செய்த இடம். கூரை ஒன்று சரிந்ததும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போயினர். அம்பத்தூரிலோ பெரிய ஆலைகள் மூடியபோதும் சிறு பட்டறைகள் வேறு ஆர்டர் பிடித்துப் பிழைத்தன. ஆயத்த ஆடையும் வந்தது, கணினி அலுவலகக் கட்டடங்களும் வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்திரங்கள் நீரில் மூழ்கியபோதும் எழுந்தன. ஆனால் கணினி அலுவலகம் வந்த இடத்தில் வாடகை ஏறும். வாடகை ஏறினால் ஹீட் டிரீட்மென்ட் கூடம் திருமழிசைக்கோ அதற்கு அப்பாலோ போகும். அது போனால் உங்கள் அரைமணி நேரம் அரைநாள் ஆகும். தெருவில் இருக்கும் முதல் இப்படித்தான் கரையும். வங்கிப் புத்தகத்தில் அது தெரியாது.

இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியம், வெளிநாட்டிலிருந்து வரும் இரும்பு, எஃகு, அலுமினியச் சரக்குகள் உற்பத்தியின்போது வெளியிட்ட கரிப்புகைக்குக் கட்டணம் கேட்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. 2023 அக்டோபரில் கணக்குக் கொடுப்பதோடு தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழு நடைமுறைக்கு வந்தது. போல்ட், நட்டு, ஸ்குரு ஆகியவையும் அதில் அடக்கம். அம்பத்தூரில் கடைந்த போல்ட்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று, இரும்பு எங்கிருந்து வந்தது என்று ஐரோப்பாவில் வாங்குபவர் கேட்கிறார். இந்தியாவிலும் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு குறித்து ஆண்டறிக்கை தரவேண்டும் எனச் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியுள்ளது. பெரிய கம்பெனி தன் கணக்கை எழுத, தனக்கு உருப்படி தரும் சிறியவனிடம் கணக்குக் கேட்கிறது. அந்தத் தாளை நிரப்பத் தெரிந்தவர் அம்பத்தூரில் எத்தனை பேர்? உங்கள் மகளார் படிக்க விரும்புவது இதைத்தான்.

எனவே முதற் கேள்விக்கு என் விடை: இலாபம் உண்டு; ஆனால் மாதச் சம்பளமாக அது உடனே வரும் என்று நான் உறுதி கூறமாட்டேன். பொறியியல், மருத்துவம் போல் இன்ன பட்டத்துக்கு இன்ன வேலை என்று இத்துறையில் எழுதி வைக்கவில்லை. ஆலோசனை நிறுவனங்கள், பெரிய ஆலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு, ஆராய்ச்சிக் கூடங்கள், நகரமைப்பு சார்ந்த பணிகள், கல்லூரி ஆசிரியப் பணி எனத் தேடிச் சேர வேண்டும். சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் அரசு விரித்துள்ளமையால் திட்டமிடுவோருக்கு வேலை குறையாது. பி.எட். பற்றிக் கவலை வேண்டா. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.ஏ.வும் பி.எட்.டும் இரண்டுமே தேவை. எம்.ஏ. படிப்பதால் அக்கதவு அடைபடாது, அகலத் திறக்கும்.

எங்கே படிப்பது? இங்கேதான் மகளாரோடு சற்று மாறுபடுகிறேன். உத்ரெக்ட், லுண்ட் போன்ற ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை என்பது மெய்யே. ஆனால் நெதர்லாந்தில் ஐரோப்பியர் அல்லாதாருக்குக் கட்டணம் மிக அதிகம். சுவீடன் 2011 முதலும் நார்வே 2023 முதலும் ஐரோப்பியர் அல்லாதாரிடம் கட்டணம் பெறுகின்றன. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை; பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. எனினும் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்குமென ஏறக்குறைய 12,000 யூரோவை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்டினால்தான் விசா. கட்டணம் இல்லை என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் பயணப்பை கட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு உதவித்தொகையே வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவி பெற்றால் கல்விக் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருகிறார்கள். போட்டி கடுமை. மத்திய அரசு சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுக் கல்விக்கடன் வட்டியை ஏற்றுவந்த 'படோ பர்தேஷ்' திட்டமும், ஆய்வு மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-23இல் நிறுத்தப்பட்டன. பழைய கையேடுகளைப் பார்த்து இவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு 2025இல், முஸ்லிம் மாணவர் 10 பேர் வெளிநாட்டில் முதுகலை பயில உதவித்தொகை அறிவித்தது. இவ்வாண்டு நிலவரத்தை மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அலுவலகம் மாறிப் போய் அலைய வேண்டாம்.

ஆனால் என் யோசனை, முதலில் உள்நாடு. இந்தியப் புவியியல் கழகம் 1926இல் சென்னைப் புவியியல் சங்கமாகத்தான் பிறந்தது. இக்கலைக்கு நம் நகரம் புதிதன்று. கோட்டூர்புரத்தில் 1993இல் அறிஞர் ராஜா செல்லையா நிறுவிய சென்னைப் பொருளியல் பள்ளி சுற்றுச்சூழல் பொருளியலில் முதுகலை நடத்திவருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இராணி மேரி, மாநிலக் கல்லூரிகளிலும் புவியியல் துறை உண்டு. வெளியூர் எனில் டில்லிப் பல்கலைக்கழகமும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் உள்ளன. மத்திய முதுகலை நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை. அஸீம் பிரேம்ஜி பெங்களூரில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் வளர்ச்சியியல் முதுகலையும், வசதி குறைந்தோருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. சென்னையிலேயே படித்தால் தாயாரின் கலக்கத்துக்கும் இடமில்லை. பின்னாளில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஐரோப்பா செல்ல நேர்ந்தால் அங்கே பல இடங்களில் ஆய்வாளருக்குச் சம்பளமே தருகின்றனர். வட்டியும் இல்லை, விற்பதும் இல்லை. துணையின்றிப் பெண் நெடுந்தூரம் செல்வது குறித்த மார்க்கச் சட்டத்தை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. கல்விப் பகுதி எழுதுபவன் ஃபத்வா கொடுக்கலாகாது.

பட்டறையை விற்காதீர்கள். மகளின் படிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவருடைய ஆய்வுக்களமே அதுதான். ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் 1960களின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகமும் இயங்கவில்லை. சுரங்கங்கள் நலியத் தொடங்கியபோது போகுமிலும் டார்ட்மண்டிலும் பல்கலைக்கழகங்களைக் கட்டினர். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. 50 ஆண்டு முன்னதாகவே ஆயத்தமானார்கள். அம்பத்தூருக்கு அத்தனை காலம் இல்லை. ஆனால் ஒரு பெண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு.

சேர்க்கை தொடங்கச் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் மகளாரை உங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழைத்துச் செல்லுங்கள். பட்டறைக்காரர்கள் உங்களுக்கு அறிமுகமானவர்கள். அத்தா கூட இருந்தால் தயங்காமல் பேசுவார்கள். ஒவ்வொரு பட்டறையும் என்ன உருப்படி செய்கிறது, அது மின்வண்டிக்கும் பயன்படுமா, கடைசியாக எந்திரம் வாங்கியது எந்த ஆண்டு, வேலையாட்கள் எவ்வூரார், வாடகையா சொந்தமா, கழிவு எண்ணெயை எங்கே ஊற்றுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளட்டும். கழிவு எண்ணெய்க் கேள்வியைக் கடைசியில் கேட்கச் சொல்லுங்கள், முதலிலேயே கேட்டால் கதவு சாத்தப்படும்! கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயிருக்கிற காலம் இது. நாற்பது ஐம்பது பட்டறைகள் முடிந்ததும் ஒரு வரைபடமாக வரையட்டும். அதற்கான கணினி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் தன் ஆர்வத்தை விளக்கும் கட்டுரைக்கு அதைவிடச் சிறந்த பொருள் வேண்டியதில்லை.

வரைந்து முடித்தபின் ஒரு படியை நம் அலுவலக முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இப்பகுதியிலேயே அவர் பெயரோடு வெளியிட இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.